பசித்த கருந்துளையைப் பிடிக்க எக்ஸ்ரேயா, அகச்சிவப்பா?

ஒரே ஒரு தொலைநோக்கியில்தான் நேரம் கிடைக்கும் என்றால், வாயுவை விழுங்கிக்கொண்டிருக்கும் பெருங்கருந்துளைகளைத் தேட எந்த அலைநீளத்தைக் கேட்பீர்கள்? நான் எக்ஸ்ரேயைத்தான் கேட்பேன். அதில் ஒரு பெரிய ஓட்டை இருப்பது தெரிந்தே கேட்பேன்.

கருந்துளையை நோக்கி விழும் வாயு வட்டாகச் சுழன்று புறஊதாவில் ஒளிர்கிறது. அந்த ஒளித்துகள்கள், பக்கத்திலேயே நூறு கோடி டிகிரி அளவுக்குக் கொதிக்கும் 'கொரோனா' என்ற வாயு மண்டலத்தில் மோதி, ஆற்றல் ஏறி எக்ஸ்ரேயாக வெளிவருகின்றன. ஒரு கேலக்ஸியின் விண்மீன்கள் எல்லாம் கூடினாலும் இவ்வளவு எக்ஸ்ரே தருவது அரிது. ஆகவே நடுமையத்தில் பளிச்சென்று ஒரு புள்ளி தெரிந்தால், ஆள் யாரென்று ஏறக்குறைய உறுதி. சந்திரா தொலைநோக்கி (நம்ம சுப்ரமணியன் சந்திரசேகர் பெயர்தான்) தென்வானில் முழு நிலவைவிடச் சிறிய ஒரு துண்டை 70 லட்சம் விநாடி, அதாவது சுமார் 81 நாள், உற்றுப் பார்த்தது. சிக்கிய ஆயிரத்துச் சொச்சம் புள்ளிகளில் பத்துக்கு ஏழு செயல்மிகு கேலக்ஸிகள், அதாவது நடுவில் தின்றுகொண்டிருக்கும் கருந்துளை உள்ளவை.

சரி, ஓட்டை எங்கே? எம்77 கேலக்ஸியைப் பாருங்கள். வான அளவில் பக்கத்து வீடு மாதிரிதான், சுமார் 4.7 கோடி ஒளியாண்டு. உள்ளே இருக்கும் கருந்துளை நன்றாகவே தின்கிறது. ஆனால் நமக்கும் அதற்கும் நடுவே நிற்கும் வாயு அவ்வளவு அடர்த்தி என்பதால், நேராக வரவேண்டிய எக்ஸ்ரே வருவதில்லை. வருவது சுற்றியுள்ள வாயுவில் பட்டுத் தெறித்த மிச்சம். ஆற்றல்வாரியாகப் பிரித்துப் பார்த்தால், 6.4 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டில் இரும்பு அணுக்கள் உமிழும் கோடு மட்டும் துருத்திக்கொண்டு நிற்கும். சுவரில் பட்டு வரும் வெளிச்சம் இது என்று அதுவே காட்டிக்கொடுக்கிறது. இதை நேரடி ஒளி என்று நினைத்துக் கணக்குப் போட்டால், கருந்துளை பட்டினி கிடக்கிறது என்றுதான் விடை வரும். 2014 ஆகஸ்டில் நியூஸ்டார் எக்ஸ்ரே விண்தொலைநோக்கி பார்த்தபோது உயர் ஆற்றல் எக்ஸ்ரே கொஞ்சம் கூடியிருந்தது. மறைக்கும் மேகங்களுக்கு நடுவே ஓர் இடைவெளி வந்துபோனது என்று விளக்கினார்கள்.

அகச்சிவப்பு வேலைக்கு ஆவது இங்கேதான். மறைக்கும் தூசி, வாங்கிய ஆற்றலை விழுங்கிவிட்டுச் சும்மா இருக்க முடியாது. சூடாகி நடு அகச்சிவப்பில் உமிழ்ந்தே ஆகவேண்டும். எக்ஸ்ரே கோட்டைவிடும் அதே ஆளை இது பிடித்துக்கொடுக்கும். வைஸ் விண்கலம் 3.4, 4.6 மைக்ரான் பட்டைகளில் எடுத்த பிரகாசங்களின் வித்தியாசத்தை வைத்தே முழு வானத்துக்கும் பட்டியல் போட முடிந்தது. குறை என்னவென்றால், கருந்துளை மந்தமாக இருந்தால் அதன் சூடு கேலக்ஸியின் விண்மீன் ஒளியில் கரைந்துவிடும். புதிதாக விண்மீன்கள் பிறக்கும் இடத்திலும் தூசி சூடாகத்தான் இருக்கும். பிரகாசமானவர்களுக்கு அகச்சிவப்பு, மெலிந்தவர்களுக்கு எக்ஸ்ரே என்பது என் கணக்கு.

ரேடியோவுக்குத் தூசி ஒரு பொருட்டே இல்லை. ஆனால் ரேடியோவில் உரக்கப் பேசுபவை பத்தில் ஒன்றுதான். தேடுவதற்கு நான் அதை நம்பமாட்டேன்.

கண்ணுறு ஒளி தேடுவதில் பின்தங்கினாலும், அதை விட்டால் வழியில்லை. எக்ஸ்ரே புள்ளி எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று பெரும்பாலும் எக்ஸ்ரே சொல்லாது. ஒளியை நிறம் நிறமாகப் பிரித்த நிறமாலையில், கோடுகள் சிவப்பு பக்கம் எவ்வளவு நகர்ந்திருக்கின்றன (செம்பெயர்ச்சி) என்று அளந்தால்தான் தெரியும். எம்77இன் ரகசியத்தை உடைத்ததும் இதுதான். சாதாரண நிறமாலையில் ஒடுங்கிய கோடுகள் மட்டும். 1985இல் அன்டோனுச்சி, மில்லர் என்ற வானியலாளர்கள், முனைவாக்கப்பட்ட ஒளியை (சிதறும்போது ஒரே திசையில் அதிரத் தொடங்கும் ஒளி) தனியே பிரித்தபோது அகன்ற கோடுகள் வெளிவந்தன. கருந்துளையருகே வேகமாகச் சுழலும் வாயுவின் அடையாளம் அது, சிதறி நம்மிடம் வந்திருக்கிறது.

எல்லாவற்றையும் சேர்த்தால் போதும் என்பார்கள். சேர்ப்பதுதான் தலைவலி. எக்ஸ்எம்எம்-நியூட்டன் என்ற எக்ஸ்ரே தொலைநோக்கி காட்டும் ஒரு புள்ளியின் பிழை வட்டத்துக்குள் (அது இருக்கக்கூடிய இடத்தின் எல்லைக்குள்), ஆழமான படத்தில் மூன்று நான்கு மங்கல் கேலக்ஸிகள் உட்கார்ந்திருக்கும். எது நம்ம ஆள்? அப்புறம் காலம் வேறு. எக்ஸ்ரே சில மணி நேரத்திலேயே ஏறி இறங்கும். போன வருட புறஊதாவை இந்த வருட எக்ஸ்ரேயோடு ஒட்டினால் இல்லாத கேலக்ஸிக்குப் படம் வரைந்த கதைதான். 2015இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போன இந்திய விண்கலம் அஸ்ட்ரோசாட்டில் எனக்குப் பிடித்த விஷயமும் இதுதான்: புறஊதாவும் எக்ஸ்ரேயும் ஒரே விண்கலத்தில், ஒரே நேரத்தில். ஆனால் அதன் மென் எக்ஸ்ரே (குறைந்த ஆற்றல் எக்ஸ்ரே) படம் புறஊதாப் படத்தின் கூர்மைக்குப் பக்கத்திலேயே வராது, நெருக்கமான களத்துக்கு உதவாது.

ஆக என் வரிசை எக்ஸ்ரே, நடு அகச்சிவப்பு, பிறகுதான் நிறமாலை. இந்த வரிசையை இப்போது ஜேம்ஸ் வெப் விண்தொலைநோக்கி கேலி செய்துகொண்டிருக்கிறது. ஆதிகாலப் பிரபஞ்சத்தில் அது கண்ட 'சின்னச் சிவப்புப் புள்ளிகள்' எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தென்படவே இல்லை. சூடான தூசிக்கும் எதிர்பார்த்த தடயம் இல்லை. கருந்துளையாக இருக்கலாம் என்ற சந்தேகம் முதலில் வந்தது, நான் மூன்றாவதாகத் தள்ளிய நிறமாலையின் அகன்ற கோடுகளால்.