ஆலோசனைப் பெட்டியா, மாதக் கூட்டமா, செய்து பார்க்க விடுவதா?

கிளிநொச்சிப் பக்கம் சிறு தொழிலகம் நடத்துகிற யாரோடு கதைத்தாலும் ஒரு குறை வரும்: "பிள்ளையள் சொன்னதைச் செய்யினம், தாங்களா ஒண்டும் யோசிக்கினமில்லை." ஒடியல் மா (காயவைத்த பனங்கிழங்கு மா), குரக்கன் மா, முருங்கையிலைத் தூள் செய்கிற ஒரு சிறு கூட்டுறவு ஆலைக்கு முகாமையாளராக வந்தபோது எனக்கும் இதைத்தான் சொன்னார்கள். புது யோசனைகளை வெளியே கொண்டுவர மூன்று வழிகள் இருந்தன. பெட்டி வைக்கலாம், மாதம் ஒரு கூட்டம் போடலாம், அல்லது கொஞ்ச நேரமும் காசும் கொடுத்துச் செய்து பார்க்க விடலாம். நாங்கள் மூன்றாவதை எடுத்தோம். அதன் பக்கம் சாய்ந்தே எழுதுகிறேன்.

பெட்டிக்குச் செலவில்லை, கூச்சமுள்ளவர்களும் எழுதிப் போடலாம். கோடாக் நிறுவனம் 1898இலேயே இப்படி ஒரு முறையைத் தொடங்கியது. டொயோட்டா 1951இல் தொடங்கிய யோசனைத் திட்டம் இன்றும் நடக்கிறது. ஆக, எழுதி வாங்குவது வீண் வேலை இல்லை. ஆனால் பதினான்கு பேர் வேலை செய்கிற இடத்தில் பெயர் போடாத துண்டு என்று ஒன்று கிடையாது. எழுத்தைப் பார்த்தவுடனே ஆளைத் தெரிந்துவிடும். பரிசு அறிவித்தாலோ "அது நான் சொன்னது" என்று இரண்டு பேர் முகம் பார்க்காமல் திரிவார்கள்.

கூட்டத்தைப் பற்றி ஆராய்ச்சியே இருக்கிறது. 1958இல் யேல் பல்கலைக்கழகத்தில் நால்வர் ஒன்றாக இருந்து யோசித்ததையும், நால்வர் தனித்தனியே யோசித்ததைச் சேர்த்ததையும் ஒப்பிட்டார்கள். தனித்தனியே யோசித்தவர்களிடம் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு யோசனைகள் இருந்தன. ஒருவர் பேசும்போது மற்றவர் காத்திருக்க வேண்டியிருப்பது இதற்கு ஒரு முக்கிய காரணம் என்று பின்னர் வந்த ஆய்வுகள் காட்டின. எங்கள் பக்கம் இன்னொன்றும் சேரும். மூத்த அக்காமார் இருக்கிற இடத்தில் புதிதாக வந்த தங்கச்சி வாய் திறக்க மாட்டாள். முகாமையாளர் முதலில் அபிப்பிராயம் சொன்னால் மிச்சப்பேர் "ஓம்" என்று தலையாட்டுவார்கள். கூட்டம் வைத்தே ஆகவேண்டும் என்றால் முதலில் ஆளுக்கொரு கடதாசியில் எழுதவிட்டு, பிறகு வாசித்து, முகாமையாளர் கடைசியாகப் பேசுவது நல்லது.

இதெல்லாம் சில்லறைக் குறைகள், சரிக்கட்டலாம். என்னை முடிவெடுக்க வைத்தது வேறு: பதில். 2009இல் போர் முடிந்த பிறகு எங்கள் வன்னிச் சனத்திடம் கருத்துக் கேட்காத ஆட்கள் இல்லை. நிறக் கடதாசி மட்டைகளில் எழுதச் சொன்னார்கள், சுவரில் ஒட்டினார்கள், படம் எடுத்தார்கள். எழுதியதற்கு என்ன நடந்தது என்று பல இடங்களில் யாரும் திரும்பி வந்து சொல்லவில்லை. அப்படிப் பழகிய ஒருவரிடம் இன்னொரு துண்டுக் கடதாசியை நீட்டி "உங்கள் யோசனையை எழுதுங்கோ" என்றால் அவர் எதற்கு மினக்கெட வேண்டும்? முன்னர் நான் வேலை செய்த ஓரிடத்தில் பெட்டி வாசலில் இருந்தது, திறப்பு அலுவலக அலுமாரிக்குள் இருந்தது. திறந்து பார்த்த ஆளை நான் காணவில்லை. ஒரு வழியை வாரக்கணக்கில், மாதக்கணக்கில் பதில் சொல்லிப் பராமரிக்க முடியுமா என்பதுதான் அதன் உண்மையான விலை.

எங்கள் முறை இதுதான். வெள்ளி பின்னேரம் இரண்டு மணித்தியாலம் விரும்பியவர் விரும்பியதைச் செய்து பார்க்கலாம். 2,000 ரூபா வரை பொருள் வாங்க அனுமதி கேட்கத் தேவையில்லை. விற்பனைக்குப் போகிற பைகளோடு எதுவும் கலக்கக்கூடாது, ஓடுகிற அரைக்கும் மெஷினைக் கழற்றக்கூடாது, திங்கள் காலை என்ன நடந்தது என்று சொல்லவேண்டும். ஒரு கொப்பியில் அது பதியப்படும். அதே வாரத்துக்குள் அதற்குக் கீழே நான் எழுதவேண்டும்: செய்வோம், அல்லது இல்லை, இல்லையென்றால் ஏன். "பார்ப்பம்" என்று எழுதுவதில்லை. 3எம் நிறுவனம் ஊழியரின் நேரத்தில் 15 வீதத்தைச் சொந்த முயற்சிக்கு விடுவது பிரபலமான கதை. எங்களால் அவ்வளவு முடியாது.

மாரி காலத்தில் ஒடியல் மா பைக்குள் கட்டி பிடிக்கும். மழை ஈரம் என்றே எல்லாரும் விட்டிருந்தோம். பொதி கட்டுகிற ஒரு அக்கா, அரைத்த மா சூட்டோடேயே பைக்குள் போவதைச் சந்தேகப்பட்டார். ஒரே அரைப்பில் பாதியை உடனே பையில் போட்டு ஒட்டினார். மீதியைத் தட்டில் பரப்பி, மெல்லிய துணியால் மூடி, ஆறவிட்டு ஒட்டினார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். அடுத்த நாள் காலை சூட்டோடு ஒட்டிய பைகளின் உட்புறம் வியர்த்திருந்தது, மற்றவை தெளிவாக இருந்தன. ஆறவிடுவது இப்போது எங்கள் வழமை. இதை ஒரு துண்டில் எழுதியிருந்தால் "ஈரம்தான் காரணம்" என்று நானே தள்ளியிருக்கக்கூடும். கண்ணுக்கு முன்னால் இரண்டு பை இருக்கும்போது தள்ள முடியாது.

சரிவராததும் உண்டு. ஒடியல் மாவில் மட்டும் பிஸ்கட் செய்த தங்கச்சிக்கு எல்லாம் தூளாய் உதிர்ந்தது. கோதுமை மாவில் இருக்கிற ஒட்டும் புரதம் இதில் இல்லை. கோதுமை கலந்தால் நிற்கும், ஆனால் கோதுமை சேராத மா என்பதற்காகவே வாங்குகிறவர்கள் எங்களுக்கு இருக்கிறார்கள். இதைத்தான் கொப்பியில் "இல்லை" என்பதற்குக் கீழே எழுதினேன். உதிர்ந்த மாவுக்கு யாரும் கணக்குக் கேட்கவில்லை. அடுத்த வெள்ளி அவள் எள்ளுருண்டையில் ஒடியல் மா சேர்த்துப் பார்த்தாள். காரணத்தோடு வந்த "இல்லை" ஆளைச் சோர்வாக்கவில்லை என்று அன்றைக்குத்தான் எனக்கு நம்பிக்கை வந்தது.

இது எல்லா இடத்துக்கும் பொருந்தும் என்று சொல்ல எனக்கு அனுபவம் போதாது. மணித்தியாலக் கணக்கில் இலக்கு வைத்து ஓடுகிற ஆடைத் தொழிற்சாலையில் இரண்டு மணித்தியாலம் விடுவது லேசான காரியமில்லை. அங்கே ஒழுங்காகப் பதில் வருகிற பெட்டி கூடப் பொருந்தலாம். அரச அலுவலகத்தில் 2,000 ரூபாவுக்கும் கையெழுத்து வேண்டும். எங்களுக்கே பெரிய ஓடர் வருகிற வாரங்களில் வெள்ளி பின்னேரம் போய்விடுகிறது. பலன் தந்த யோசனைக்குக் காசு கொடுப்பதா என்பதிலும் நாங்கள் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை. இப்போதைக்கு யார் கண்டுபிடித்தது என்று கொப்பியில் பெயர் எழுதுகிறோம், புதிதாக வருகிறவருக்கு அந்த வேலையை அவரே பழக்குகிறார்.