வாய்ப்புற்றில் இஜிஎஃப்ஆரை அடைக்க ஊசியா, மாத்திரையா?

வாய் உட்பட தலை, கழுத்துப் பகுதியில் வரும் செதிள்செல் புற்றுகளில் பத்தில் எட்டு, ஒன்பதில் இஜிஎஃப்ஆர் என்ற ஏற்பி இருக்க வேண்டியதைவிட மிக அதிகமாக இருக்கும். செல்லின் சவ்வில் பாதி வெளியே, பாதி உள்ளே என்று செருகி நிற்கும் புரதம் அது. வெளிப்பாதியில் வளர்ச்சிக் காரணி ஒட்டியதும் இரண்டு ஏற்பிகள் ஜோடி சேரும். உள்பாதியில் இருக்கும் கைனேஸ் என்ற நொதி விழித்துக்கொண்டு ராஸ்–எர்க், பிஐ3கே–ஏகேடி, ஸ்டாட்3 பாதைகளின் வழியே “பெருகு, சாகாதே” என்று உட்கருவுக்குச் சேதி அனுப்பும். இதை வெளியிலிருந்து அடைப்பது செடுக்ஸிமாப் போன்ற ஆன்டிபாடி ஊசி. உள்ளே நுழைந்து, கைனேஸுக்கு எரிபொருளான ஏடிபி அமரும் குழியில் உட்கார்ந்துகொள்பவை ஜெஃபிடினிப், எர்லோடினிப், அஃபாடினிப் மாத்திரைகள்.

என் சாய்வை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வாய்ப்புற்றுக்கு ஊசிதான். மாத்திரை என்றால் வீட்டிலேயே போட்டுக்கொள்ளலாம், ஊசி என்றால் வாராவாரம் அலைய வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. அதில் நேரம் செலவழிக்கப் போவதில்லை.

நுரையீரல் புற்றில் மாத்திரை வாங்கிய நல்ல பெயர் வாய்க்குச் செல்லாது. அங்கே ஒரு பகுதி நோயாளிகளுக்கு எக்ஸான் 19 இழப்பு, எல்858ஆர் போன்ற மரபணு மாற்றங்கள் இருக்கும். கைனேஸே பழுதாகி ஓயாமல் ஓடிக்கொண்டிருப்பதால் மாத்திரை பட்டதும் கட்டி சுருங்கும். வாய்ப்புற்றில் இந்த மாற்றங்கள் அபூர்வம். ஏற்பி சாதாரணமானதுதான், எண்ணிக்கைதான் கூடுதல். விளைவும் அப்படியே அமைந்தது. 2009இல் வெளியான ஆய்வில் மெத்தோட்ரெக்ஸேட் என்ற கீமோ மருந்து பெற்றவர்களின் இடைநிலை ஆயுள் (பாதிப் பேர் தாண்டிய காலம்) 6.7 மாதம், ஜெஃபிடினிப் 250 மி.கி.க்கு 5.6, 500 மி.கி.க்கு 6.0. கட்டியிலிருந்து ரத்தக்கசிவோ முறையே 1.9, 8.9, 11.4 சதவீதம். 2015இல் அஃபாடினிப், நோய் முற்றாமல் இருந்த காலத்தை 1.7 மாதத்திலிருந்து 2.6 மாதமாக நீட்டியது, ஆயுளைக் கூட்டவில்லை. புற்றாக மாறும் அபாயம் அதிகமிருந்த வாய்த்திட்டுகளுக்கு எர்லோடினிப் 150 மி.கி. ஓராண்டு கொடுத்துப் பார்த்த 2016 ஆய்விலும் தடுப்புப் பயன் தெரியவில்லை.

ஊசியின் பக்கம், 2008இல் 442 பேரிடம் நடந்த எக்ஸ்ட்ரீம் ஆய்வு. பிளாட்டினம், 5-எஃப்யூ கீமோவுடன் செடுக்ஸிமாப் சேர்த்தபோது ஆயுள் 7.4 மாதத்திலிருந்து 10.1 மாதமானது. ஏற்பியை மூடுவதோடு இதன் வேலை முடிவதில்லை. ஐஜிஜி1 வகை ஆன்டிபாடி என்பதால் அதன் வால்பகுதி என்கே செல்கள் என்ற நோயெதிர்ப்புச் செல்களை வரவழைத்து, கட்டிச் செல்லைத் தாக்க வைக்கிறது. மாத்திரைக்கு அந்த வால் இல்லை.

இவை ஒருபுறம் இருக்கட்டும். என் பார்வையில் தீர்மானிப்பது ஒரே கேள்வி: மருந்து குறித்த அளவில், இடைவெளியில்லாமல் ரத்தத்தில் போய்ச் சேருகிறதா? சமிக்ஞை அடைப்பில் அரைகுறை என்பது கிட்டத்தட்ட இல்லாததற்குச் சமம். அளவு குறைந்தால் பாதை மறுபடி திறந்துகொள்ளும். வாய்ப்புற்றில் மாத்திரை நுழைய வேண்டிய வாசலே நோயுற்ற இடம். பலருக்கு வாய் இரண்டு விரல் அகலம்கூடத் திறக்காது. கதிர்வீச்சில் வெந்த வாய்க்கு எச்சில் விழுங்குவதே பாடு. மூக்குக்குழாயோ வயிற்றுக்குழாயோ போட்டிருப்பார்கள். ஜெஃபிடினிப்பைக் குழாயில் கொடுக்கலாம்: அரை டம்ளர் வாயு சேராத குடிநீரில் மாத்திரையை நொறுக்காமல் போட்டு, சுமார் 15 நிமிடம் கலக்கி, கரைந்ததும் உடனே ஏற்றி, டம்ளரை இன்னொரு அரை டம்ளர் நீரால் அலசி அதையும் ஏற்ற வேண்டும். அலசலை விட்டால் மருந்தின் ஒரு பங்கு டம்ளரிலேயே தங்கிவிடும்.

அடுத்த சிக்கல் வயிற்று அமிலம். ஸ்டீராய்டும் வலி மாத்திரையும் எடுப்பவர்களுக்கு ஒமெப்ரசோல், பான்டோப்ரசோல் போன்றவற்றை வழக்கமாகவே எழுதிவிடுவார்கள். அமிலம் குறைந்தால் ஜெஃபிடினிப்பும் எர்லோடினிப்பும் சரியாகக் கரையாது. ஒமெப்ரசோலுடன் எர்லோடினிப் எடுத்தால் உடலில் சேரும் அளவு ஏறக்குறைய பாதியாகிவிடும். ஜெஃபிடினிப் என்றால் இரண்டுக்கும் நடுவே 12 மணி நேரம் விட வேண்டும். எர்லோடினிப்பை வெறும் வயிற்றில், அதாவது உணவுக்கு ஒரு மணி முன்போ இரண்டு மணி பின்போ கொடுக்க வேண்டும். குழாயில் நாள் முழுக்கத் திரவ உணவு ஓடுபவருக்கு அந்த இடைவெளியைத் திட்டமிட்டு உருவாக்கினால்தான் உண்டு. புகையை விடாதவர் என்றால் கல்லீரல் எர்லோடினிப்பை வேகமாக அழித்து, மருந்தளவைப் பாதிக்கும் கீழே இறக்கிவிடும். வாய்ப்புற்று நோயாளிகளில் புகைப்பவர் எத்தனை பேர் என்று யோசித்துப் பாருங்கள். இத்தனை ஓட்டைகளில் எதில் மருந்து ஒழுகுகிறது என்று வெளியிலிருந்து கண்டுபிடிக்கவே முடியாது. “மருந்து கேட்கவில்லை” என்று எழுதிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவார்கள்.

ஊசியில் இந்தக் குழப்பம் இல்லை. உடல் பரப்பு 1.5 சதுர மீட்டர் உள்ளவருக்கு முதல் தவணை, சதுர மீட்டருக்கு 400 மி.கி. வீதம் 600 மி.கி., இரண்டு மணி நேரத்தில். பிறகு வாரம் 250 மி.கி. வீதம் 375 மி.கி., ஒரு மணி நேரத்தில். கதிர்வீச்சுடன் என்றால் முதல் தவணையை ஒரு வாரம் முன்பே போட வேண்டும்.

ஆனால் பராமரிப்பு கடுமை. கடுமையான ஒவ்வாமைகளில் பத்தில் ஒன்பது முதல் தவணையிலேயே வரும். மருந்தில் ஒட்டியிருக்கும் ஆல்ஃபா-கேல் என்ற சர்க்கரைக்கு எதிராக, உண்ணி கடித்தவர்களின் உடலில் ஒவ்வாமையைத் தூண்டும் ஐஜிஇ ஆன்டிபாடி ஏற்கெனவே உருவாகியிருக்கலாம். மாட்டிறைச்சி, ஆட்டிறைச்சி சாப்பிட்டுச் சில மணி நேரம் கழித்துத் தடிப்பு வந்ததுண்டா என்று முன்கூட்டியே கேட்பது ஐந்து நொடி வேலை. ஆன்டிஹிஸ்டமின் முதலில்; முடிந்தபின் ஒரு மணி நேரமாவது கண்காணிப்பு. லேசான எதிர்வினைக்கு வேகத்தைப் பாதியாக்கலாம். கடுமையானதென்றால் அந்த மருந்தோடு உறவு முடிந்தது.

முகத்திலும் மார்பிலும் பரு போன்ற தடிப்பு முதல் இரண்டு வாரத்தில் வரும். இது முகப்பரு அல்ல, எனவே பருவை உலர்த்தும் களிம்புகள் எரிச்சலைத்தான் கூட்டும். ஈரப்பசை கிரீம், வெயில் தடுப்பு கிரீம், ஒரு சதவீத ஹைட்ரோகார்டிசோன், டாக்ஸிசைக்ளின் 100 மி.கி. இருவேளை என்று முதல் நாளிலிருந்தே தொடங்கினால் கடுமை பாதியாகும்.

கவனம் தப்புவது மெக்னீசியம். சிறுநீரகக் குழாயில் மெக்னீசியத்தை மீட்டெடுக்கும் டிஆர்பிஎம்6 என்ற புரதக் கதவு இஜிஎஃப்ஆர் சமிக்ஞையால்தான் திறக்கிறது. அதை அடைத்தால் மெக்னீசியம் சிறுநீரில் போய்விடும். பின்னாலேயே கால்சியமும் பொட்டாசியமும் சரியும். மெக்னீசியத்தை ஏற்றாமல் மற்ற இரண்டை மட்டும் எவ்வளவு கொடுத்தாலும் நிற்காது. பிளாட்டினம் கீமோ மருந்தான சிஸ்பிளாட்டின் கூடச் சேர்ந்தால் இழப்பு இன்னும் கூடும். வாராவாரம் பரிசோதனை, நிறுத்திய பிறகும் எட்டு வாரம். வாய்வழி மெக்னீசியம் வயிற்றுப்போக்கில் முடியும் என்பதால் பெரும்பாலும் ட்ரிப்தான்.

தோல் தொல்லை குறைந்த ஆன்டிபாடி வேண்டுமென்றால் நிமோடுஸுமாப் உண்டு. சிஸ்பிளாட்டின், கதிர்வீச்சுடன் வாரம் 200 மி.கி. சேர்த்து 536 பேரிடம் நடந்த 2019 ஆய்வில், நோய் அதே இடத்தில் கட்டுக்குள் இருந்தவர்கள் இரண்டாண்டில் 57.6 சதவீதத்திலிருந்து 67.5 சதவீதமானார்கள், ஆயுள் வித்தியாசம் புள்ளியியல் எல்லையைத் தாண்டவில்லை.

ஊசிக்காக இவ்வளவு வாதாடினாலும் ஒன்றை மறைக்கக் கூடாது. கதிர்வீச்சுடன் செடுக்ஸிமாப் சேர்த்தால் ஆயுள் 29.3 மாதத்திலிருந்து 49 மாதமாகிறது என்று காட்டிய 2006 ஆய்வில் வாய்க்குழிப் புற்று சேர்க்கப்படவே இல்லை, தொண்டையும் குரல்வளையும்தான். வாய்க்கு அதை நீட்டிப்பது அனுமானம். சிஸ்பிளாட்டினைத் தாங்கக்கூடியவருக்கு அதை எடுத்துவிட்டு இதை வைப்பதும் சரியல்ல. பரவிய நோயில் பல நோயாளிகளுக்கு முதல் இடத்தை இப்போது பெம்ப்ரோலிஸுமாப் பிடித்துவிட்டது; அது நோயெதிர்ப்புச் செல்களின் பிடி-1 என்ற தடையை நீக்கும் மருந்து.

மாத்திரை தனியாகத் தோற்றாலும் கூட்டாளியாக ஓரளவு நிற்கிறது. எர்லோடினிப் 150 மி.கி., வாரம் ஒருமுறை மெத்தோட்ரெக்ஸேட், வலி மருந்தான செலகாக்ஸிப் 200 மி.கி. இருவேளை என்ற கூட்டில் மூன்று வாரத்துக்கு ஒருமுறை வெறும் 20 மி.கி. நிவோலுமாப் (இன்னொரு பிடி-1 அடைப்பான்) சேர்த்தபோது, ஓராண்டு தாண்டியவர்கள் 16.3 சதவீதத்திலிருந்து 43.4 சதவீதமானார்கள் (2022). அந்தப் பாய்ச்சல் நிவோலுமாபால் வந்தது, எர்லோடினிப்பால் அல்ல.

ராஸ் குடும்பத்து ஹெச்ராஸ் மரபணுவில் மாற்றம் உள்ள சிறு பங்கினரின் கட்டியில் சமிக்ஞை ஏற்பிக்குக் கீழேயே தொடங்குவதால், மேலே ஊசியாலோ மாத்திரையாலோ அடைப்பதில் அதிகம் எதிர்பார்க்க முடியாது. ஹெச்ராஸ் புரதம் சவ்வில் ஒட்ட ஃபார்னெசில் என்ற கொழுப்பு வால் கட்டாயம்; அதே குடும்பத்துக் கேராஸுக்கு இருக்கும் மாற்றுவழி அதற்குக் கிடையாது. டிபிஃபார்னிப் என்ற மருந்து குறிவைப்பது அந்த வாலைத்தான்.