பழிவாங்க வந்த இரண்டு சூனியக்காரிகள்: பாவாவா, மாக்ஸியா?

இரண்டும் 1960இல் வந்த கறுப்பு வெள்ளைப் பேய்ப்படங்கள். ஒன்று இத்தாலியில் மாரியோ பாவா எடுத்த ‘பிளாக் சண்டே’. இன்னொன்று இங்கிலாந்தின் ஷெப்பர்டன் ஸ்டூடியோவில் ஜான் மாக்ஸி எடுத்த ‘சிட்டி ஆஃப் த டெட்’. பதினேழாம் நூற்றாண்டில் ஒரு சூனியக்காரிக்கு மரண தண்டனை, அவள் விடும் சாபம், பிறகு மறுவருகை என்று கதையின் முதுகெலும்பு ஒன்றுதான். கையில் காசில்லாததும் இருவருக்கும் பொது. அதை எதைக் கொண்டு மறைத்தார்கள் என்பதில்தான் படங்கள் பிரிகின்றன.

மாக்ஸி புகையை நம்பினார். மாசசூசெட்ஸில் இருப்பதாகச் சொல்லப்படும் வைட்வுட் கிராமம் முழுக்க ஸ்டூடியோ செட். தரையோடு படரும் பனிமூட்டம் செட்டின் விளிம்பையும் காலி இடத்தையும் விழுங்கிவிடுகிறது. இன்று குறும்படத்துக்கு இதைச் செய்வதானால் வெந்நீரில் உலர்பனிக்கட்டி (டிரை ஐஸ், அதாவது உறைந்த கரியமில வாயு) போட்டால் போதும்; குளிர்ந்த புகை எழும்பாமல் கீழேயே கிடக்கும். மின்விசிறியோ திறந்த கதவோ இருந்தால் கலைந்துவிடும். ஷாட்டுக்கு ஷாட் அடர்த்தி மாறி எடிட்டிங்கில் கழுத்தை அறுக்கும். மூடிய அறையில் கரியமில வாயு தேங்குவதால் தரையில் யாரையும் படுக்க வைக்கவே கூடாது.

பாவா அடிப்படையில் ஒளிப்பதிவாளர். அவர் வித்தையெல்லாம் விளக்கில். 1957இல் ‘ஐ வாம்பிரி’ படத்தில் ஒரு முகத்தை ஷாட்டை வெட்டாமலே கிழடாக்கிக் காட்டிய உத்தி அவருடையது. சுருக்கங்களைச் சிவப்பு மையில் வரைய வேண்டும். சிவப்பு வெளிச்சத்தில் தோலும் கோடும் ஒரே வெளுப்பாகத் தெரியும். மெல்லப் பச்சைக்கு மாற்றினால் கோடுகள் கறுத்து எழும். கறுப்பு வெள்ளையில் மட்டுமே பலிக்கும் ஏமாற்று இது. உதடும் சிவப்பென்பதால் அதுவும் சேர்ந்து கறுக்கும். தோல் நிற மேக்கப்பால் முதலிலேயே மூடிவிட வேண்டும். பச்சையில் முகமே இருண்டு போகும் என்பதால் வெளிச்சத்தையும் கூட்ட வேண்டும்.

பழி என்று வந்தால் பாவாதான். 1630, கிழக்கு ஐரோப்பாவின் மால்டாவியா: உள்பக்கம் ஆணிகள் நிறைந்த முகமூடியைச் சூனியக்காரி ஆசாவின் முகத்தில் வைத்துச் சம்மட்டியால் அடிக்கிறார்கள். இரண்டு நூற்றாண்டு கழித்து முகமூடி கழலும்போது முகமெல்லாம் அந்த ஓட்டைகள். அவளுக்கு இழைத்த கொடுமையை வசனம் இல்லாமலே ஒவ்வொரு குளோசப்பிலும் பார்க்கிறோம். அவள் குறிவைக்கும் வாரிசுப் பெண் காட்யாவாகவும் அதே பார்பரா ஸ்டீல்; ஒரே சம்பளத்தில் இரண்டு வேடம், கூடவே கதைக்கும் கூர்மை.

மாக்ஸியின் எலிசபெத் செல்வின் 1692இல் எரிக்கப்படுகிறாள். (நியூ இங்கிலாந்தில் சூனியக் குற்றத்துக்குத் தூக்குதான், தீ இல்லை.) அதன்பின் அவள் நரபலி கொடுப்பது சாகாமல் இருக்கத்தான், பழி பின்னுக்குப் போய்விடுகிறது. ஆனால் திரைக்கதையில் ஒரு துணிச்சல் உண்டு: நாயகி என்று நாம் நம்பிய நான் (Nan) என்ற பெண்ணைப் பாதிப் படத்திலேயே பலி கொடுத்துவிடுகிறார்கள். அதே ஆண்டு ஹிட்ச்காக்கின் ‘சைக்கோ’ செய்ததும் இதுதான்.

பார்ப்பவர்கள் பிரதியைக் கவனிக்கவும். மாக்ஸி படத்தின், ‘ஹாரர் ஹோட்டல்’ என்ற பெயரில் கிடைக்கும் அமெரிக்கப் பிரதியில் தொடக்கக் காட்சியின் சாபப் பகுதி வெட்டுப்பட்டிருக்கும். பாவா படத்தின் அமெரிக்கப் பிரதியிலும் சில நிமிடங்கள் போய், லெஸ் பாக்ஸ்டரின் புது இசை ஏறியிருக்கும். ராபர்ட்டோ நிகோலோசி இசையமைத்த ஐரோப்பியப் பிரதியையே தேடிப் பிடியுங்கள்.