ஊட்டியில் மதியச் சாப்பாடு: சேரிங் கிராஸா, மார்க்கெட்டா?

ஊட்டிக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் சேரிங் கிராஸ் பக்கம்தான் சாப்பிட உட்காருகிறார்கள். குழந்தைகள், வயதானவர்களோடு வந்தால் அதுவே சரி. மே மாதம் மட்டும் பன்னிரண்டரைக்கே போய்விடுங்கள்.

இரண்டு மூன்று பேர்தான் என்றால் நான் மார்க்கெட் பக்கத்து மெஸ்ஸுக்கே அனுப்புவேன். 2,240 மீட்டர் உயரத்தில் தண்ணீர் ஏறக்குறைய 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். பருப்பு லேசில் வேகாது. இலையில் விழுந்த சோறும் இரண்டு நிமிடத்தில் ஆறிப்போகும். மெஸ்ஸில் ரசச் சட்டி அடுப்பைவிட்டு இறங்குவதே இல்லை. அந்த ரசத்தை டம்ளரில் கேட்டு வாங்கி, இரண்டு கையாலும் பொத்திப் பிடித்துக் குடியுங்கள். அப்புறம் கேரட் பொரியல்: மலையில் விளைந்தது, தேங்காய்ப்பூ தூவாமலே இனிக்கும். இரண்டு மணிக்கு மேல் போனால் தீர்ந்திருக்கும்.