பழைய காருக்குக் கதவு ரப்பர்: கம்பெனி பீஸா, மீட்டர் பீடிங்கா, ஒட்டு ரப்பரா?

குமரி மாவட்டத்தில் மழைக்காலம் இரண்டு. ஜூனில் தொடங்கும் தென்மேற்குப் பருவமழை ஓய்ந்து கொஞ்சம் மூச்சு விடுவதற்குள் அக்டோபரில் வடகிழக்கு வந்துவிடும். மற்ற நாளில் வெயில், கடலோரம் என்றால் கூடவே உப்புக்காற்று. பழைய மாருதி 800, ஜென், எஸ்டீம், அம்பாசிடர் வைத்திருப்பவர்கள் கதவு ரப்பரைப் பற்றி யோசிப்பது, அநேகமாகக் காலடி மேட் நனைந்து நாறத் தொடங்கிய பிறகுதான். நாகர்கோவிலில் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் கேட்டால் மூன்று நான்கு விதமாக எடுத்துப் போடுவார்கள். எல்லாம் கறுப்பாக, எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும். வேலை செய்கிற விதம் மட்டும் வேறு.

வாங்கப் போகும் முன் ஒன்றைப் பார்த்துவிட வேண்டும். தண்ணீர் நிஜமாகவே பீடிங் எனப்படும் இந்தக் கதவு ரப்பர் வழியாகத்தான் வருகிறதா? கண்ணாடியின் அடியில் இருக்கும் வெளிப்பட்டி மழைநீரை முழுக்கத் தடுக்காது. கொஞ்சம் தண்ணீர் கதவுக்குள் இறங்கி, அடியில் இருக்கும் சிறு துளைகள் வழியாக வெளியே போகும்படிதான் கதவையே செய்திருக்கிறார்கள். குலசேகரம், பேச்சிப்பாறை பக்கம் ரப்பர் தோட்டத்து ஓரம் நிற்கிற வண்டிகளில் இலைச் சருகும் மண்ணும் சேர்ந்து அந்தத் துளைகளை அடைத்துவிடும். கதவை ஆட்டினால் உள்ளே தண்ணீர் குலுங்குகிற சத்தம் கேட்கிறதா? அப்படியானால் ஒரு கம்பியை விட்டுக் குத்தினாலே பாதிப் பிரச்சினை தீர்ந்தது. இன்னொரு வழக்கமான குற்றவாளி, கதவின் உள் அட்டைக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் ஷீட். ஸ்பீக்கர் மாட்டியவர் அதைக் கிழித்துவிட்டுப் போயிருப்பார். அந்தக் கிழிசல் வழியாகத் தண்ணீர் தரைக்கு வரும், பழி பீடிங் மேல் விழும்.

பீடிங்கைச் சோதிக்க செய்தித்தாள் கீற்று போதும். கதவு விளிம்பில் வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். சுற்றிலும் ஒரே மாதிரிப் பிடித்தால் ரப்பர் நன்றாக இருக்கிறது. மேல் மூலையில் மட்டும் வழுக்கிக்கொண்டு வந்தால் ரப்பர் அமுங்கித் தட்டையாகிவிட்டது, இல்லை கதவு தொங்குகிறது. திறந்த கதவின் நுனியைப் பிடித்துத் தூக்கினால் கீல் ஆடுகிறதா என்று தெரிந்துவிடும். "கதவே தொங்கிக் கெடக்கு, ரப்பர மாத்தி என்ன செய்ய அண்ணே?" என்று டிங்கரிங் பட்டறையில் சொன்னால் அதைக் காசு பறிக்கிற பேச்சு என்று நினைக்காதீர்கள். கீல் சரியாகாமல் எந்த ரப்பரும் உட்காராது.

சரி, ரப்பர்தான் போய்விட்டது என்று உறுதியானால் முதல் தேர்வு கம்பெனி பீஸ், அதாவது கார் கம்பெனியின் அசல் ரப்பர். இதன் பெரிய பலம் அளவு. நீளம், கதவு மூடும்போது அமுங்குகிற குமிழின் பருமன், தகர விளிம்பைக் கவ்வும் பள்ளம் எல்லாம் அந்த மாடலுக்கென்றே செய்தவை. மூலை வளைவில் குமிழ் மடங்காது. கிடைத்தால் யோசிக்காமல் வாங்கலாம். கிடைப்பதுதான் சிக்கல். மாருதி 800 தயாரிப்பு 2014 ஜனவரியில் நின்றது, அம்பாசிடரும் அதே வருடம் நின்றது. கோடிக்கணக்கில் இல்லாவிட்டாலும் லட்சக்கணக்கில் ஓடிய வண்டி என்பதால் மாருதி 800க்குச் சரக்கு தேடுவது எளிது, எஸ்டீம்காரர்கள் கொஞ்சம் அலைய வேண்டியிருக்கும். கடைக்காரர் பரணிலிருந்து தூசி தட்டி எடுத்துக் கொடுத்தால் பொட்டலத்தில் அச்சிட்ட மாதம், வருடத்தைப் பாருங்கள். வண்டியில் மாட்டாமல் கிடந்தாலும் ரப்பருக்கு வயதாகும். இரண்டு விரலால் குமிழை நசுக்கி விட்டால் உடனே எழுந்து நிற்க வேண்டும். மெதுவாக எழுந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

இரண்டாவது, மீட்டர் கணக்கில் வெட்டித் தருகிற பீடிங். என் ஓட்டு பெரும்பாலான பழைய வண்டிகளுக்கு இதற்குத்தான், ஆனால் தேர்ந்தெடுத்து வாங்க வேண்டும். தகர விளிம்பைக் கவ்வுகிற கடினமான பகுதி ஒன்று, அதனுள்ளே உலோகப் பட்டி. அதோடு ஒட்டி மெத்தென்ற குமிழ். குமிழ் சில வகையில் தலைமேல் இருக்கும், சிலவற்றில் பக்கவாட்டில் இருக்கும். இது மாறினால் கதவு மூடும், மழையும் உள்ளே வரும். அதனால் பழைய ரப்பரில் ஒரு சாண் வெட்டிக் கையில் எடுத்துப் போவது நல்லது. பழையது தட்டையாகியிருக்கும் என்பதால் அதன் குமிழ் உயரத்தை நம்பக் கூடாது. கதவு இடைவெளியில் கொஞ்சம் களிமண் உருண்டையை வைத்து மூடித் திறந்தால், நசுங்கிய மண்ணின் தடிமன்தான் உண்மையான இடைவெளி. அதைவிடச் சற்றுப் பெரிய குமிழ் வேண்டும், மூடும்போது மூன்றில் ஒரு பங்கு அமுங்கினால் போதும். தகர விளிம்பின் தடிமனையும் அளந்துகொள்ளுங்கள். லூசான பீடிங் காலில் பட்டுக் கழன்றுகொண்டே இருக்கும்.

பொருள் என்ன என்பதும் இங்கேதான் முக்கியம். தமிழ்நாட்டில் ரப்பர் என்றாலே குமரி மாவட்டம்தான், அரசு ரப்பர் கழகத்தின் தலைமை அலுவலகமே நாகர்கோவிலில் இருக்கிறது. ஆனாலும் நம் தோட்டத்து இயற்கை ரப்பர் கார் கதவுக்கு ஏற்றதல்ல. டயருக்கு அதை அடிக்க ஆளில்லை. காற்றிலுள்ள ஓசோன் மட்டும் அதன் மூலக்கூறுகளின் இரட்டைப் பிணைப்புகளை அறுத்துவிடும், இழுபட்டு வளைந்திருக்கிற இடத்தில் முதலில் வெடிப்பு விழும். கதவு பீடிங் நாள் முழுக்க வளைந்தே இருக்கிற பொருள். இபிடிஎம் என்கிற செயற்கை ரப்பரின் முதுகெலும்புச் சங்கிலியில் அந்த இரட்டைப் பிணைப்பு கிடையாது, அதனால் வெயிலும் ஓசோனும் அதை அவ்வளவு சீக்கிரம் தின்னாது. கடையில் இபிடிஎம் என்று கேட்டே வாங்குங்கள். வெறும் பிவிசி பீடிங் பளபளப்பாக, மலிவாக இருக்கும், வெயிலில் சில வருடத்தில் விறைத்துவிடும். இபிடிஎம்முக்கு ஒரே ஒவ்வாமை எண்ணெய். பெட்ரோல், டீசல், கிரீஸ் பட்டால் ஊதிப்போகும். சத்தம் போடுகிறது என்று யாராவது கிரீஸ் தடவ வந்தால் தடுத்து, சிலிக்கோன் தடவச் சொல்லுங்கள்.

மீட்டர் பீடிங்கின் பலவீனம் மூலைகளும் இணைப்பும். சட்டென்று திரும்புகிற மூலையில் குமிழ் மடங்கி ஒரு சந்து விடும். இணைப்பை எப்போதும் கீழே, படிக்கட்டுத் தகரத்தின் நடுவில் வையுங்கள். சிலர் மேலே வைத்துவிடுகிறார்கள், முதல் மழையே அதைக் காட்டிக் கொடுக்கும்.

மூன்றாவது, முதுகில் பசையோடு வருகிற ஒட்டு ரப்பர். டி, பி, இசட் என்று எழுத்து வடிவில் ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கிறது. இதைப் பழைய பீடிங்குக்கு மாற்றாக நினைத்தால் ஏமாற்றம்தான், துணையாக நினைத்தால் நல்ல சரக்கு. ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் காற்றாலைகள் சும்மா நிற்கவில்லை. கணவாய்க் காற்று அடிக்கிற நாளில் பழைய காருக்குள் விசில் சத்தம் கேட்கும். கதவின் உள்விளிம்பில் மெலிதாக ஒரு சுற்று ஒட்டினால் அந்தச் சத்தமும் தூசியும் நன்றாகக் குறையும். வாங்கும் முன் ஒரு துண்டைத் தண்ணீருக்குள் அமுக்கி எடுங்கள். பஞ்சு மாதிரித் தண்ணீரைக் குடித்தால் அது வேண்டாம், தகரத்தோடு ஈரத்தைக் கட்டி வைத்துத் துருவை வளர்க்கும். தடிமனாக ஒட்டுவதும் ஆபத்து. கதவு வெளியே தள்ளப்பட்டுப் பூட்டு முதல் கொக்கியில் மட்டும் மாட்டி நிற்கும், பார்த்தால் மூடியது போலவே தெரியும்.

பழைய வண்டி உடைக்கிற இடத்தில் கழற்றிய ரப்பர்? வேண்டாம். நம் ரப்பர் எதனால் செத்ததோ அதே நோய் அதற்கும் இருக்கும். அம்பாசிடரின் கிளிப், பட்டி மாதிரியான உலோகச் சாமான்களுக்கு மட்டும் அங்கே போகலாம்.

குளச்சல், முட்டம், மணவாளக்குறிச்சி மாதிரிக் கடலோரத்தில் வண்டி நிற்கிறது என்றால் கணக்கு கொஞ்சம் மாறும். ஒட்டு ரப்பரின் பசை உப்புப் படிந்த தகரத்தில் நிற்காது. கவ்வுகிற பீடிங்தான் நிற்கும், ஆனால் அதன் பள்ளத்துக்குள் உப்புத் தண்ணீர் தேங்கி விளிம்பை அரிக்கும். பழையதை உருவியதும் அந்த விளிம்பை நல்ல தண்ணீரில் கழுவி, துருவைச் சுரண்டி, பிரைமர் அடித்துக் காயவிட்ட பிறகே புதியதை மாட்ட வேண்டும். மீட்டர் பீடிங்கை வெட்டிய முனையில் உள்ளிருக்கும் இரும்புப் பட்டி வெளியே தெரியும், அதன் மேலும் ஒரு சொட்டுப் பெயின்ட். இந்த வேலைக்குச் சோம்பல்படுகிற பட்டறையில் கம்பெனி பீஸ் கொடுத்தாலும் வீண்.

மாட்டும்போது இழுத்து மாட்டாதீர்கள். இழுத்த ரப்பர் சில வாரத்தில் சுருங்கி மூலையில் எழும்பி நிற்கும். இரண்டு முனையும் ஒன்றையொன்று லேசாகத் தள்ளுகிற அளவுக்குக் கொஞ்சம் கூடுதலாகவே வெட்டி, ரப்பர் பசை வைத்துச் சேர்க்க வேண்டும். முதல் சில வாரம் கதவு மூட அடம்பிடிக்கும், ஒரு கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வைத்து மூடினால் உள்ளே காற்று முட்டாது. அதற்குள் பூட்டுக் கொக்கியைத் தள்ளி வைக்கச் சொல்லி அவசரப்பட வேண்டாம். ரப்பர் படிந்த பிறகும் கதவை அறைந்துதான் மூட வேண்டியிருந்தால் அப்போது அதை அரை மில்லிமீட்டர் வெளியே நகர்த்திக்கொள்ளலாம்.