வளவுக்கு 21-ஆ, 28-ஆ?

செட்டிநாட்டுக் கானாடுகாத்தான் வீடுகளைப் படமெடுக்க என்னிடம் இரண்டு ஃபோக்ட்லெண்டர் லென்ஸ்கள்: 21 மி.மீ. எஃப்/4, 28 மி.மீ. எஃப்/2 (எஃப் எண் சிறிதானால் வெளிச்சம் அதிகம் புகும்).

வளவில், அதாவது வீட்டு நடுவிலுள்ள திறந்த முற்றத்தில், 21-க்கு ஈடில்லை. ஆத்தங்குடிக் கல் தரை, எதிர்வரிசைத் தூண்கள், மேலே வானம் எல்லாம் ஒரே படத்தில் அடங்கும். எஃப்/8 வைத்து, ஃபோகஸை இரண்டு மீட்டரில் விட்டால் சுமார் ஒரு மீட்டருக்கு அப்பால் எல்லாமே தெளிவு. ஆனால் கேமராவைக் கொஞ்சம் அண்ணாந்து பிடித்தாலும் தூண்கள் சாய்ந்துவிடும். லைக்கா எம்6-இல் தனி வியூஃபைண்டரும் மாட்ட வேண்டும்.

28-க்குத் தனி வியூஃபைண்டர் தொல்லை இல்லை. படத்தின் எல்லையைக் காட்டும் கட்டம் கேமராவின் வியூஃபைண்டருக்குள்ளேயே தெரியும். அப்புறம் வெளிச்சம். இரண்டாம் கட்டின் (வளவுக்குப் பின்னாலுள்ள பகுதியின்) இருட்டில் 21-க்கு 1/15 நொடி தேவைப்பட்டால் இதற்கு 1/60 போதும். அரிவாள்மணை முன் உட்கார்ந்திருக்கும் ஆச்சியின் கை அசைந்தாலும் அவ்வளவாகக் கலங்காது. படத்தின் ஓரத்தில் முகமும் 21-இல் போல அத்தனை இழுபடாது. ஆளிருக்கும் வீடென்றால் நான் 28-ஐத்தான் எடுப்பேன்.