தளம் போடப் போகிறவர்கள் கவனத்துக்கு: 95 மூட்டை சிமெண்ட் வேலைக்கு 145 மூட்டை வாங்க வைத்தார்கள்

நீடாமங்கலம் பக்கம் எங்கள் ஊரில் அம்மாவுக்காக ஒரு வீடு கட்டிக்கொண்டிருக்கிறேன். எனக்கு வேலை கோயம்புத்தூரில், மாதத்துக்கு ஒரு தடவை வந்து போவதே பெரிய பாடு. மெட்டீரியல் நாங்கள் வாங்கித் தருவது, கூலி வேலை மட்டும் மேஸ்திரி பொறுப்பு என்று பேச்சு. போன புரட்டாசியில் தளம் போட்டதில் நன்றாக ஏமாந்தேன். என்னைப் போல வெளியூரில் இருந்துகொண்டு போனிலேயே வீடு கட்டுகிறவர்கள் முழுசாகப் படியுங்கள்.

தளம் 1000 சதுர அடி, 5 இன்ச் கனம். பீம் எதுவும் கிடையாது, செங்கல் சுவர் மேலேயே உட்காருகிற தளம். மேஸ்திரி ஒரு பழைய பில்லின் பின்பக்கத்தில் என் கண் முன்னால்தான் கணக்குப் போட்டார். 1000 சதுர அடியை 5 இன்ச்சால், அதாவது 5/12 அடியால் பெருக்கினால் 416 கன அடி, அதை 35.3 ஆல் வகுத்தால் 11.8 கன மீட்டர். இதுவரை எல்லாம் சரி. அப்புறம் சொன்னார்: "தண்ணி ஊத்தினா கலவை அமுங்கும் தம்பி, அதுக்காக 1.54 ஆல பெருக்கணும்." 18.2 வந்தது. "ஒரு கன மீட்டருக்கு 8 மூட்டை." ஆக 145 மூட்டை. நான் சும்மா தலையாட்டவில்லை, அன்று ராத்திரியே போனில் தேடிப் பார்த்தேன். 1.54 என்பதும் சரியாக இருந்தது, 8 மூட்டை என்பதும் சரியாக இருந்தது. அதனால்தான் நம்பினேன்.

ஏமாற்று எங்கே என்றால், அந்த 8 மூட்டைக்குள்ளேயே 1.54 அடக்கம். உலர்ந்த ஜல்லிக்கு நடுவே நிறைய இடைவெளி இருக்கும், கலக்கும்போது மணல் அந்தச் சந்தில் போய் உட்காரும், மணலின் சந்தில் சிமெண்ட் போய் உட்காரும், அதனால் 1 கன மீட்டர் கான்கிரீட் வேண்டும் என்றால் 1.54 கன மீட்டர் உலர்ந்த சரக்கு வேண்டும். சிமெண்ட் 1, மணல் 1½, ஜல்லி 3 என்ற கலவையில் மொத்தம் ஐந்தரைப் பங்கு, அதில் சிமெண்ட் ஒரு பங்கு. 1.54ஐ 5.5 ஆல் வகுத்தால் 0.28 கன மீட்டர் சிமெண்ட், கன மீட்டருக்கு 1440 கிலோ என்று வைத்தால் 403 கிலோ. 50 கிலோ மூட்டையில் எட்டு. அவ்வளவுதான். இதற்கு மேல் மறுபடியும் 1.54 ஆல் பெருக்கினால் ஒன்றரை மடங்கு ஆகிவிடும். என் தளத்துக்கு நியாயமாக வேண்டியது 11.8ஐ 8 ஆல் பெருக்கி 95 மூட்டை, சேதாரத்துக்கு இன்னும் நாலைந்து சேர்த்துக்கொண்டாலும் நூறைத் தாண்டாது. கன மீட்டரெல்லாம் வேண்டாம் என்றால் இதை மட்டும் ஞாபகம் வையுங்கள்: இந்தக் கலவையில் 100 கன அடிக்கு 23 மூட்டை.

சரி, மீந்தால் மீந்த மூட்டை நம்மிடம்தானே இருக்கும் என்று நினைப்பீர்கள். அதற்கும் வழி வைத்திருந்தார். "மழை வர்ற நேரம், உங்க கொட்டகை ஒழுகுது, சிமெண்ட் கட்டி தட்டிப் போயிடும், என் ஷெட்டுல இறக்கிக்கலாம்" என்றார். நம் பக்கத்து ஈரக்காற்றில் சிமெண்ட் சீக்கிரம் கெட்டுப்போகும் என்பது உண்மைதான், அதனால் எனக்குச் சந்தேகமே வரவில்லை. தளம் போட்ட அன்று அவர் ஷெட்டிலிருந்து குட்டி யானையில் நடைநடையாக மூட்டை வந்தது. கலவை மிஷின் சத்தம், மேலே ஆட்கள் சட்டி மாற்றுகிற அவசரம், வந்தவர்களுக்குச் சாப்பாடு என்று நான் ஓடிக்கொண்டிருந்தேன், எத்தனை மூட்டை இறங்கியது என்று யாரும் எண்ணவில்லை. சாயங்காலம் "145ம் தீர்ந்துபோச்சு தம்பி, இழுத்துப் பிடிச்சுத்தான் முடிச்சோம்" என்றார். நான் கையெடுத்துக் கும்பிட்டு, பேசியதற்கு மேல் இனாமும் கொடுத்து அனுப்பினேன்.

கண்டுபிடித்தது அம்மாதான். மறுநாள் காலையில் வாசலில் நின்றுகொண்டு கேட்டார்கள்: "ஏண்டா, ஜல்லி பாதி அப்படியே கிடக்கு, சிமெண்ட் மட்டும் எப்படித் தீரும்? அரிசி பாதி மிச்சம் இருக்கும்போது உளுந்து மட்டும் தீர்ந்துபோச்சுன்னா மாவு எப்படி ஆட்டினதா அர்த்தம்?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. 145 மூட்டைக் கணக்குக்குத் தகுந்தபடி ஐந்தரை யூனிட் (ஒரு யூனிட் 100 கன அடி) முக்கால் இன்ச் ஜல்லி புதுக்கோட்டைப் பக்கமிருந்து அடித்திருந்தோம். அதில் இரண்டரை யூனிட்டுக்கு மேல் குவியலாகக் கிடந்தது. ஜல்லியை யாரும் ராத்திரியில் கமுக்கமாகத் தூக்கிப் போக முடியாது.

வெறும் சாக்கெல்லாம் மேஸ்திரி ஆட்களுக்கு என்பது வழக்கம் என்று சொல்லிக் கேட்டார்களாம், எரு அள்ள வேண்டும் என்று அம்மா கொடுக்காமல் வாங்கி வைத்திருந்தார்கள். கொட்டகையில் உட்கார்ந்து இரண்டு பேரும் எண்ணினோம். பத்துப் பத்தாகக் கட்டினோம், ஏழு கட்டு, மேலே ஒன்பது. 79.

95 வேண்டிய இடத்தில் 79 எப்படிப் போதும் என்று அப்போதுதான் பயம் வந்தது. டேப்பை எடுத்துக்கொண்டு மேலே போனேன். மாடிப்படிக்காக விட்டிருந்த திறப்பின் ஓரத்தில் கனம் நன்றாகத் தெரியும். ஓரத்தில் ஒட்டியிருந்த சிமெண்ட் பாலைச் சுரண்டிவிட்டு நாலு பக்கமும் வைத்துப் பார்த்தேன், எங்கேயும் 4 இன்ச்சுக்கு மேல் இல்லை. 4 இன்ச்சுக்குக் கணக்குப் போட்டால் 333 கன அடி, 76 மூட்டை. அப்படியே பொருந்துகிறது. கலவையில் கை வைக்கவில்லை, கனத்தில் ஒரு இன்ச் திருடிவிட்டார்கள். 145இல் 79 போக, ஆக மொத்தம் 66 மூட்டை, நான் வாங்கிய விலை 380 ரூபாய், 25,080 ரூபாய்.

பணம்கூடப் போகட்டும். தஞ்சாவூரிலிருந்து ஒரு இன்ஜினியரைக் கூட்டிவந்து காட்டினேன். ஹால் 14 அடி அகலம், இந்தக் கனத்தை நம்பி மேலே மாடி எடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார். தம்பி கல்யாணம் முடிந்து மேலே இரண்டு ரூம் எடுக்கலாம் என்றுதான் அம்மா அந்தப் படிக்கே இடம் விடச் சொன்னார்கள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

மேஸ்திரியிடம் கேட்டதற்கு முதலில் "நாலரை இருக்கும்" என்றார், டேப்பை வைத்துக் காட்டியதும் "கொஞ்சம் மூட்டை ஈரத்துல கட்டியாப் போச்சு, சொல்ல விட்டுப்போச்சு" என்றார். கட்டியான மூட்டையைக் காட்டுங்கள் அண்ணே என்றேன், பதில் இல்லை. ஊர்ப் பெரியவர்களை வைத்துப் பேசினோம், 10,000 ரூபாய் கொடுத்தார். மீதி தை அறுப்பு முடிந்ததும் என்றார். இன்னும் வரவில்லை.

நீங்கள் தளம் போடும்போது சென்ட்ரிங் பலகை மேல் கம்பி கட்டி முடித்ததும் ஓரப் பலகையின் உயரத்தை நீங்களே டேப்பால் அளந்துவிடுங்கள். கான்கிரீட் கொட்டும்போதே ஒரு கம்பியில் 5 இன்ச்சுக்குக் கோடு போட்டு நடுநடுவே குத்திப் பாருங்கள், ஓரத்தில் சரியாக வைத்துவிட்டு நடுவில் குறைப்பதும் உண்டு. சிமெண்ட் உங்கள் இடத்தில்தான் இறங்க வேண்டும், ஒழுகினால் தார்ப்பாய் வாங்குங்கள், தரையில் பலகை போட்டு அடுக்குங்கள். வெறும் சாக்கை எண்ணி முடிக்காமல் யாருக்கும் கொடுக்காதீர்கள். மணலுக்கும் இதே கதைதான், லேசான ஈரத்தில் மணல் உப்பி கால் பங்குகூட அதிகமாகத் தெரியும், லாரியில் அளந்த யூனிட் காய்ந்தபின் அந்த அளவு இருக்காது.

போன மாதம் வேறு ஆளை வைத்து வெளிப்பக்கப் படிக்கட்டு போட்டோம், மொட்டை மாடிக்குத் துணி காயப்போடவாவது ஏற வேண்டுமே. 48 கன அடி, 11 மூட்டை. அம்மா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, மூட்டை பிரிக்கப் பிரிக்கச் சுவரில் கரித்துண்டால் ஒவ்வொரு கோடாகப் போட்டுக்கொண்டே வந்தார்கள். 11 கோடு இன்னும் அழியாமல் இருக்கிறது, சுவர் பூசும்போதுதான் போகும்.